வெறியாட்டுக் களத்தில் தோழியின் இடம்: மனநலச் சட்டத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

பித்து என்றால் நம் சிறுபத்திரிகை வட்டாரத்துக்கு எப்போதுமே ஒரு கிறக்கம் உண்டு. சிவனே பித்தன், சித்தர்களெல்லாம் பித்தர்கள் என்று ஒரு வம்சாவளி கைவசம் இருந்தது. தொண்ணூறுகளில் ஃபூக்கோ வந்து சேர்ந்ததும் அந்தக் கிறக்கத்துக்குக் கோட்பாட்டு அந்தஸ்தும் கிடைத்தது. பகுத்தறிவின் அதிகாரத்துக்கு எதிரான கலகக்காரனாகப் பைத்தியக்காரன் நமது கவிதைகளில், நாடகங்களில், பின்னட்டைக் குறிப்புகளில் உலா வந்தான். ஆத்மாநாம் 1984இல் தற்கொலை செய்துகொண்டபின் அவருடைய நோயே அவர் கவிதைகளுக்கு உரை என்றாகிவிட்டது. அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டவர், வேலை பார்த்தவர், 'ழ' இதழின் ஆசிரியராக இருந்தவர் என்பதெல்லாம் அந்தப் படிமத்துக்கு உபத்திரவமான தகவல்கள். ஆக, பைத்தியக்காரனை நாம் நிறையவே பேசவைத்திருக்கிறோம். வார்டில் படுத்திருக்கிற ஒருவர் 'இந்த ஊசி எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் அந்த வாக்கியம் என்ன ஆகிறது, அதை யார் எப்படி வாசிக்கிறார்கள் என்று மாத்திரம் நாம் கேட்டதில்லை.

கேட்பதற்கு ஒரு பிரதி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2017இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம். வக்கீல்கள் வாசிக்கிறார்கள். மனநல மருத்துவர்களில் பலர் எரிச்சலோடு வாசிக்கிறார்கள். நாம் வாசிக்கவில்லை. நான் சட்டம் படித்தவனில்லை, தமிழ் எம்.ஏ. ஓர் இடைச்சொல்லை வைத்துக்கொண்டு உரையாசிரியன் ஒரு பக்கம் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த புத்தி. அந்தப் புத்தியோடு போனால் இந்தப் பிரதியில் என்ன அகப்படுகிறது என்பதுதான் இக்குறிப்புகள்.

முதலில் கண்ணில் படுவது ஒரு ஓரவஞ்சனை. சிகிச்சைக்கு 'சரி' என்று ஒருவர் கையெழுத்துப் போடும்போது, இவருக்கு இதைப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறதா என்று நடைமுறையில் யாரும் விசாரிப்பதில்லை. அதே ஆள், அதே காலையில், 'வேண்டாம்' என்று சொல்லட்டும், விசாரணை தொடங்கிவிடும். 'சரி' என்பது பேச்சாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'வேண்டாம்' நோய்க்குறியாக வாசிக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு சொல் புழங்குகிறது: 'பேஷண்ட்டுக்கு இன்சைட் இல்லை'. தனக்கு நோய் இருக்கிறது என்கிற உணர்வு இல்லை என்று அர்த்தம். நோய் இல்லை என்று நீங்கள் சொல்வதே நோய்க்குச் சாட்சி. இந்த வட்டத்துக்குள்ளிருந்து பேசி வெளியே வருவது எப்படி என்று எந்தத் தர்க்க சாஸ்திரியும் சொல்ல முடியாது.

மறுப்பவருக்குக் காரணங்கள் இருக்கலாம் என்பதும் இந்தச் சொல்லுக்குள் அமுங்கிப்போகிறது. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் உடம்பை விறைக்கச் செய்யும், கையை நடுங்கவைக்கும், எச்சில் ஒழுகவைக்கும். பல வருஷம் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தன்னிச்சையாக அசைந்துகொண்டே இருக்கும், மருந்தை நிறுத்தினாலும் சில சமயம் நிற்காது. பின்னால் வந்த ஓலன்சபின் உடம்பைப் பெருக்கவைக்கும், சர்க்கரையைக் கொண்டுவரும். 'நாக்கு தடிச்சிடுது டாக்டர், பேச்சே வரல' என்று ஒருவர் மாத்திரையைத் துப்பினால் அது ஒரு வாதம். கேஸ் ஷீட்டில் அது ஏறும்போது 'ஒத்துழைக்கவில்லை' என்றாகிவிடுகிறது.

இதைச் சொன்னதும் மனநல மருத்துவமே ஒரு சதி, மாத்திரையெல்லாம் விஷம் என்று ஒரு தோழர் எழுந்திருப்பார். தயவுசெய்து உட்காருங்கள். சாப்பிடாதே சாப்பிடாதே என்று காதுக்குள் கேட்கிற குரலுக்குப் பயந்து எலும்பும் தோலுமாகிப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். நாலு வாரம் மருந்து போனபின் அவர் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, அந்த மருத்துவமனையையே திட்டித் தீர்த்தார். திட்டுவதற்கான வாயை அவருக்குத் திருப்பித் தந்தது அந்த மருந்துதான். மருந்து நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றத்தை மருத்துவர்களிடமே விட்டுவிடலாம். மறுப்பு என்கிற கூற்றுக்கு ஒரு கேட்குநர் உண்டா என்பது நம்முடைய விஷயம். அகப்பாடல் படித்தவர்களுக்குக் கூற்றும் கேட்போரும் பழக்கமான சங்கதிதானே.

* * *

சட்டத்தின் மூன்று வரையறைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம், பைத்தியம் என்றால் மூடன் அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவன் என்றது. கும்பினி 1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகம் கீழ்ப்பாக்கம் ஆகி, 'கீழ்ப்பாக்கம் கேசு' என்கிற வசைச்சொல் ஆகி, நாம் பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டதெல்லாம் இந்த மொழிக்குள்தான்.

அடுத்து 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில். மனநோயாளி என்றால் மனக்கோளாறு காரணமாகச் சிகிச்சை தேவைப்படுபவர் என்று அது வரையறுத்தது. மனவளர்ச்சிக் குறையை மட்டும் விலக்கியது. மேம்போக்காகப் பார்த்தால் நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளி என்கிற தன்னிலை இங்கே எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்று கவனியுங்கள். சிகிச்சையின் தேவையே அவருடைய இலக்கணம். சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால் அவர் தன் இலக்கணத்தையே மீறுகிறார். மறுப்பதற்கு நிற்க ஓர் இடம் அந்த வரையறைக்குள் இல்லை.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். தானாக வந்து சேர விருப்பம் தெரிவிக்காத, அல்லது தெரிவிக்க இயலாத ஒருவரை உறவினரோ நண்பரோ விண்ணப்பித்துச் சேர்க்கலாம். இரண்டு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அதில் ஒன்று அரசாங்க டாக்டருடையது. தொண்ணூறு நாள் வரை வைத்திருக்கலாம். 'தெரிவிக்காத', 'தெரிவிக்க இயலாத' என்கிற இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். மயங்கிக் கிடப்பவரும், நடுக்கூடத்தில் நின்று 'என்னை விடுங்கடா' என்று கத்துபவரும் இந்த வாக்கியத்தில் ஒன்று. எதிர்த்துச் சொல்பவர் என்கிற பாத்திரமே இதில் கிடையாது. மறுப்பு இங்கே விருப்பத்தின் இன்மையாக, ஒருவிதமான பேச்சின்மையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு குரலை அடக்குவது ஒன்று. அப்படியொரு குரலே எழவில்லை என்று வாக்கியம் அமைப்பது வேறு. இது இரண்டாவது ரகம். இருபத்தைந்து வருஷம் இந்த வாக்கியத்தின்படிதான் ஆட்கள் உள்ளே போனார்கள்.

மறுப்பைக் கூற்றாக வாசித்த ஒரு தீர்ப்பு இங்கிலாந்தில் 1993இல் வந்தது. சட்ட இலக்கியத்தில் அவர் பெயர் வெறும் 'சி'. ஜமைக்காவில் பிறந்த அறுபத்தெட்டு வயது மனிதர், பிராட்மூர் என்கிற பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். ஒரு கத்திக்குத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, தண்டனைக் காலத்தில் ஸ்கிஸோஃப்ரீனியா என்று கண்டு அங்கே மாற்றப்பட்டவர். காலில் அழுகல் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துதான் என்றார் அறுவை மருத்துவர். சி மறுத்தார். ஒரு காலோடு வாழ்வதைவிட இரண்டு காலோடு சாவது மேல் என்பது அவர் நிலைப்பாடு.

அவரிடம் இன்னொரு கதையும் இருந்தது. தான் உலகப் புகழ்பெற்ற மருத்துவர், தன் கையில் ஒரு நோயாளிகூடச் செத்ததில்லை என்பது அவருடைய நம்பிக்கை. இவ்வளவு போதும் இல்லையா, 'இன்சைட் இல்லை' என்று எழுதிக் காலை எடுத்துவிட? அங்கே அப்படி நடக்கவில்லை. அழுகிய சதையை மட்டும் நீக்கி மருந்து கொடுத்தார்கள், உடனடி ஆபத்து விலகியது. இனிமேலும் சம்மதமில்லாமல் காலை எடுக்கமாட்டோம் என்று உறுதி கொடுக்க மருத்துவமனை மறுத்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி தோர்ப் மூன்று கேள்விகளை வைத்தார்: சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்து மனதில் வைத்துக்கொள்கிறாரா, அதை நம்புகிறாரா, சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வருகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்று கண்டு, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் இப்போதும் எப்போதும் காலை எடுக்கக் கூடாது என்று தடை விதித்தார்.

இந்தத் தீர்ப்பை நான் ஓர் இலக்கிய விமர்சன நிகழ்வாகவே பார்க்கிறேன். ஒருவரிடம் இரண்டு கதையாடல்கள் இருக்கின்றன. ஒன்று பொய்யான கதை, தான் பெரிய டாக்டர் என்பது. மற்றது தன் காலைப் பற்றிய முடிவு. முதல் கதை பொய் என்பதால் இரண்டாவதையும் பொய்யாக வாசிக்கவேண்டியதில்லை என்று ஒரு வாசகர் தீர்மானித்தார். ஆசிரியனின் வாழ்க்கையை வைத்துக் கவிதையைத் தீர்த்துக்கட்டாதே என்று நாம் மாய்ந்து மாய்ந்து எழுதினோமே, அது இங்கே ஒரு மனிதனின் காலைக் காப்பாற்றியிருக்கிறது.

ரொம்பவும் மெச்சிக்கொள்ள வேண்டாம். அந்தத் தீர்ப்பு காலைப் பற்றியது. மனக்கோளாறுக்கான சிகிச்சையைச் சம்மதமில்லாமலே கொடுக்க இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தந்திருந்தது. அதாவது ஒரே உடம்பு. முழங்காலுக்கு இறையாண்மை உண்டு, மூளைக்குக் கிடையாது. கத்தியைத் தடுக்க முடிந்தவரால் மனநல ஊசியைத் தடுக்க முடியாது. அதே சட்டம் எப்படியெல்லாம் வளைந்தது என்பதற்கு 1996இல் லண்டனில் நடந்தது சாட்சி. முப்பத்தாறு வாரக் கர்ப்பிணி, ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறியிருந்தது, இயற்கையாகவே பெற்றுக்கொள்கிறேன் என்று எழுத்திலேயே கொடுத்தார். மனநலச் சட்டத்தில் பிடித்து வைத்தார்கள். அவர் தரப்பைக் கேட்காமலே ஒரு நீதிமன்ற ஆணையும் வாங்கி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். மனநோய்க்கென்று அவருக்கு ஒரு சிகிச்சையும் தரப்படவில்லை. பிரசவம் ஆனதும் சட்டமும் விலகிக்கொண்டது. மொத்தமும் சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் சொன்னது. ஒருவருடைய சிந்தனை மற்றவர்களுக்கு விசித்திரமாகப் படுவதாலேயே மனநலச் சட்டத்தை அவர்மேல் ஏவ முடியாது என்பது அதன் சாரம்.

* * *

நம்முடைய 2017 சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் விளைவு இது. இதன் 4ஆம் பிரிவு, எவருக்கும் தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே முதலில் கொள்ளவேண்டும் என்கிறது. அதன் மூன்றாவது உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே: ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாக, பொருத்தமற்றதாகத் தோன்றினால் அதை மட்டுமே வைத்து அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது. அந்த 'இன்சைட்' வட்டத்தை உடைக்க எழுதப்பட்ட வாக்கியம் இது. சுவரில் எழுதி ஒட்டலாம், வார்டு சுவரில்.

அதே பிரிவில் நான் நெடுநேரம் நின்றுவிட்ட இடம் ஓர் இடைச்சொல். திறன் என்றால் என்ன? தகவலைப் புரிந்துகொள்வது, 'அல்லது' முடிவின் விளைவை உணர்வது, 'அல்லது' முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு விதமாகவோ தெரிவிப்பது. தோர்ப்பின் கேள்விகள் மூன்றையும் தாண்டினால்தான் திறன். இங்கே 'அல்லது' போட்டிருப்பதால் எழுத்தெண்ணி வாசித்தால் ஒன்றே போதும். தலையை இடவலமாக ஆட்டத் தெரிந்தவருக்கெல்லாம் மறுக்கும் திறன் உண்டு என்றாகிறது. வரைந்தவர்களின் கோளாறு இது என்றே எனக்கும் படுகிறது. இருந்தாலும் பிரதி பிரதிதான். ஆசிரியன் என்ன நினைத்தான் என்று தேடுவதை நாம் என்றோ விட்டுவிட்டோம். 'நம்புதல்' என்கிற நிபந்தனையும் இங்கே காணோம். மருத்துவர் சொன்னதை நம்பாதவரும் முடிவெடுக்கலாம். நம் ஊரில் இது சாதாரண விஷயமில்லை.

இத்தனை கொடுத்த சட்டம் 89ஆம் பிரிவில் வேறு குரலில் பேசுகிறது. அங்கே 'உயர்ந்த அளவு ஆதரவு தேவைப்படுவோர்' என்று ஒரு புது வகைமை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பவர். இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்து எழுதினால், பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் முப்பது நாள் வரை வைத்திருக்கலாம். ஏழு நாளைக்கு ஒருமுறை திறனைத் திரும்பப் பரிசீலிக்கவேண்டும், மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் பூட்டுக்குப் பெயர் 'ஆதரவு' என்றானபின் அதை எதிர்த்து எந்தச் சொல்லால் பேசுவது? சிறை என்று சொன்னால் எதிர்க்கலாம். 'உனக்கு ஆதரவாத்தானேப்பா இருக்கோம்' என்று சொன்னால்?

அன்பின் பெயரால் வருகிற இந்த வன்முறைக்கு மருத்துவமனை மாத்திரம் களமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. மகனுக்கு முப்பது வயசு இருக்கும். மாத்திரையைக் கொடுத்தால் துப்பிவிடுகிறான் என்று அம்மிக் குழவியால் பொடித்து ரசத்தில் கலந்துவிடுவார். "என்ன தம்பி பண்றது, சொன்னாக் கேக்கறானா? கலந்துட்டா ராத்திரி தூங்கறான். நானும் தூங்கறேன்." அவர் அதை மறைக்கவுமில்லை, பெருமையாகச் சொல்லவுமில்லை. பையன் கொஞ்ச நாளில் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். டீக்கடையில் கவர் பிரிக்காத பன் மாத்திரம். சாப்பாட்டில் அம்மா எதையோ கலக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். டாக்டரிடம் கூட்டிப்போனபோது அதுவும் சீட்டில் ஏறியது, உணவில் விஷம் கலப்பதாகச் சந்தேகப்படுகிறார் என்று. அவன் சொன்னது நிஜம். அவனுடைய மொத்தப் பேச்சிலும் சரிபார்க்கக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான், அதுவே அவன் நோய்க்கு அத்தாட்சி ஆகிவிட்டது. தினமும் எத்தனை வீடுகளின் ரசத்திலும் காபியிலும் இது நடக்கிறதோ, அந்தச் சமையலறைக்குள் 2017 சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வராது. பித்தைக் கொண்டாடிக் கவிதை எழுதிய நம்மில் ஒருவரும் ஒரு ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்ததில்லை. அதிகாரம் பற்றிய நம் சொல்லாடலில் இந்த அம்மாவுக்கு இடமே இல்லாமல் போனது ஏன்? கதவைப் பூட்டுகிறவள், பல் கடிபட்டவள், சாப்பிடவைக்கிறவள் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். நமது கலகக்காரப் பைத்தியமோ எப்போதும் ஆண்.

இந்த இடத்தில்தான் எனக்கு வெறியாட்டு ஞாபகம் வந்தது. மகள் மெலிகிறாள், பசலை படர்கிறது, வளை நழுவுகிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு இட்டுப் பார்த்து, முருகு அணங்கியது என்று நோயைச் சொல்கிறான். களம் இழைத்து, மறி அறுத்துச் சிகிச்சை நடக்கிறது. நோயின் காரணம் தெரிந்த ஒரே ஆள் தலைவி. அவளை யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சம்மதமில்லாச் சிகிச்சை பற்றி நம் மொழியில் இருக்கிற மிகப் பழைய பதிவு இதுவாக இருக்கலாம். இத்தனைக்கும் அந்தப் பாடல்களில் தாய் கொடுமைக்காரி இல்லை. பயந்தவள். வேலன்கூட மோசடிக்காரன் இல்லை, தன் தொழிலைச் செய்கிறவன், அவ்வளவுதான்.

அந்தக் களத்தில் ஒருத்தி குறுக்கே வருகிறாள். தோழி. அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் அதற்குப் பெயர் வைத்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்க முழுக்க அந்த ஒரே கூற்றுதான், 261 அடிகளில் தோழி செவிலிக்குச் சொல்வது. நீ அறிந்தவர்களையெல்லாம் கேட்டாய், தெய்வங்களைத் தொழுதாய், நோய் இன்னதென்று உனக்குத் தெரியவில்லை, நான் சொல்கிறேன், கோபிக்காமல் கேள் என்று அவள் பேச்சு தொடங்குகிறது. உரை மரபில் இதற்கு ஒரு வரிசையும் உண்டு: தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். சொல் உள்ளிருந்து கிளம்பி அதிகாரத்தை நோக்கிப் படிப்படியாகப் போகிறது. தோழி தன் கருத்தைச் சொல்ல வரவில்லை. தலைவி முதலில் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும்.

2017 சட்டத்தின் 14ஆம் பிரிவில் நான் இந்தத் தோழியைப் பார்த்தேன். வயது வந்த எவரும் தனக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் எழுதி ஒரு கையெழுத்தோ கைநாட்டோ போதும். ரத்த சம்பந்தம் வேண்டியதில்லை. 17ஆம் பிரிவின்படி அந்தப் பிரதிநிதி, நோயுற்றவரின் இப்போதைய விருப்பம், முன்னாள் விருப்பம், வாழ்க்கை வரலாறு, விழுமியங்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். 5ஆம் பிரிவு, எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. முடிவெடுக்கும் திறனை இழக்கும் நாளில் அந்த எழுத்து நமக்காகப் பேசும். அதன்படி செய்ய விரும்பாத மருத்துவரோ உறவினரோ வாரியத்திடம் போய்க் கேட்கவேண்டும். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது கட்டுப்படுத்தாது.

உவமையை ரொம்பவும் இழுக்கக் கூடாதுதான். தலைவிக்கு இருந்தது காதல். வார்டில் இருப்பவருக்கு நிஜமாகவே நோய் இருக்கலாம். தோழி சொன்னதும் வேலன் வீட்டுக்குப் போய்விடலாம், மருத்துவர் போய்விட முடியாது. ஆனாலும் நோய் இருப்பவருக்கும் நோயைத் தாண்டிச் சொல்ல ஏதோ இருக்கிறது, அதைச் சொல்ல நம்பகமான ஒரு வாய் வேண்டும் என்கிற அளவுக்கு உவமை செல்லும். மறுப்பு நேரடியாக அதிகாரத்தின் காதில் விழுந்தால் அது நோய்க்குறியாகிவிடுகிறது. தோழி வழியாகப் போனால்தான் செய்தியாகிறது. இந்த இடைநிலையைச் சங்கப் புலவன் கண்டுகொண்டிருந்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை. நம் கோட்பாட்டாளர்கள் அதைத் தவறவிட்டதுதான் வியப்பு.

* * *

இதைச் சொன்னதும், பார்த்தீர்களா, வேலனும் தர்காவும் கோயிலும்தான் மனிதத்தன்மையுள்ளவை, மேற்கத்திய மருத்துவம்தான் வன்முறை என்று இன்னொரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு ஓர் ஊர்ப் பெயர் போதும். ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. செத்தவர்கள் 28 பேர். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டு, இருந்தவர்களில் பலர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று தெளிவாக எழுதிய 95ஆம் பிரிவு வருவதற்கு அதன்பின் பதினாறு வருஷம் ஆயிற்று. சங்கிலி போட்ட கைக்கு 'எனக்குச் சங்கிலி வேண்டாம்' என்று எழுதத் தாளும் இல்லை, அதைக் கேட்கத் தோழியும் இல்லை.

இயக்கத் தோழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இரோம் ஷர்மிளா 2000 நவம்பரில் தொடங்கி 2016 ஆகஸ்ட் வரை உண்ண மறுத்தார், மணிப்பூரில் ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி. பதினாறு வருஷம் மூக்கில் குழாய். அவருடைய 'வேண்டாம்' என்கிற சொல்லை அரசு தற்கொலை முயற்சி என்று வாசித்தது. இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு. திரும்பத் திரும்ப விடுதலை, திரும்பத் திரும்பக் கைது.

2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அந்த 309க்கு ஒரு கடிவாளம் போட்டது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே அனுமானிக்க வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது. இந்தப் பிரிவால் காவல் நிலையப் படியேறாமல் தப்பித்த ஏழைக் குடும்பங்கள் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாசித்துப் பாருங்கள். குற்றத்திலிருந்து மீட்க நோய் கடனாகத் தரப்படுகிறது. உண்ணாவிரதப் பந்தலில் கிடப்பவருக்கு இந்தக் கருணையைப் பொருத்தினால், அவருடைய கோரிக்கை மன அழுத்தமாகிவிடும். அப்படியெல்லாம் ஆகாது என்று நினைத்தவர்களுக்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதா வேறு பதில் வைத்திருக்கிறது. 309 அதில் இல்லை, உண்மைதான். பதிலுக்கு 226ஆம் பிரிவு இருக்கிறது: அரசு ஊழியர் ஒருவரைத் தன் கடமையைச் செய்யவைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருஷம் வரை சிறை. தனக்காகச் சாக முயல்பவர் நோயாளி, கோரிக்கைக்காக முயல்பவர் குற்றவாளி. அரசின் அகராதியில் மறுப்புக்கு இருப்பது இந்த இரண்டு பொருள்கள்தான். சி போன்ற ஒருவர், நான் யோசித்துத்தான் சொல்கிறேன் என்று சொல்ல, அந்த அகராதியில் இன்னும் ஒரு பதிவு சேரவேண்டியிருக்கிறது.

14ஆம் பிரிவுக்கு ஒரு பின்பகுதி உண்டு. தோழியை நியமிக்காமலே திறன் இழந்தவருக்கு யார் பேசுவது என்று அது ஒரு வரிசை தருகிறது. எழுதிவைத்த ஆள் இல்லையென்றால் உறவினர். சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்கு அண்ணனும், சொத்துத் தகராறில் இருக்கும் தம்பிக்குத் தமையனும் இங்கே வந்து உட்காரலாம். அறத்தொடு நிற்றல் வரிசையில் கடைசியாகச் செய்தி போய்ச் சேர்கிற தந்தையும் தமையன்மாரும் இங்கே முதல் ஆளாகிவிடுகிறார்கள். உறவினர் இல்லையென்றால் பராமரிப்பவர். அவரும் இல்லையென்றால் வாரியம் பொருத்தமானவர் என்று கருதி நியமிக்கும் ஒருவர். யாருமே கிடைக்காவிட்டால் சமூக நலத்துறை இயக்குநர், அல்லது அவர் குறித்தனுப்பும் அலுவலர். பத்து வருஷம், இருபது வருஷம் யாரும் பார்க்க வராத வார்டுகளில் இருப்பவர்களுக்குத் தோழி என்றால் ஏதோ ஒரு கோப்பில் கையெழுத்துப் போடும் அந்த அலுவலர்தான். அவரிடம் அவர்கள் எதையும் முதலில் சொல்லியிருக்கப்போவதில்லை.